பின்பக்கமிருந்து வரைதல்: ஆத்தங்குடிக் கல்லும் ஓர் அரூப ஓவியரும்

செட்டிநாட்டுக்காரர் ஒருவர் அரூப ஓவியம், அதாவது அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாத ஓவியம், வரைகிறார் என்றால் கேட்பவர் மனதில் உடனே ஒரு படம் வந்துவிடும். கண்டாங்கிச் சேலையின் கட்டம், காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லின் பூ, கொட்டான் என்ற ஓலைக்கூடையின் பின்னல், இவற்றில் ஏதோ ஒன்றைப் பெரிதாக்கி கான்வாஸில் போட்டிருப்பார் என்று நினைப்போம். இங்கே நான் எடுத்துக்கொண்ட ஓவியரும் முதல் சில ஆண்டுகள் அதைத்தான் செய்தார். நன்றாக விற்கவும் செய்தது. அந்தப் படங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. இப்போது அவருக்கும் இல்லை. அதற்குப் பிறகு அவர் போன வழிதான் எழுதத் தகுந்தது. ஊரின் பூக்களையும் கட்டங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, ஊரில் வேலை நடக்கும் வரிசையைக் கையிலெடுத்தார். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதுதான் அவருடைய ஓவியத்தின் பொருளே.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே ஓவியர் என்றே எழுதுகிறேன்.

பூட்டிய வீடு

ஓவியரின் அப்பா கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று வந்தால்தான் வீடு முழுசாகத் திறக்கும். மற்ற நாட்களில் அப்பா மட்டும் சாவிக்கொத்தோடு போய் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பெருக்கிவிட்டு வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மகளும் கூடப் போவார்.

பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் பட்டியல் எல்லாம் அங்கே உண்டு. அவை எதுவும் அந்தச் சிறுமியை இழுக்கவில்லையாம். பட்டாலைச் சுவரில் ரவிவர்மா அச்சுப் படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த கண்ணாடி ஓவியங்கள்தான் நினைவில் நிற்கின்றன என்கிறார். வெண்ணெய்க் கிருஷ்ணன், பட்டாபிஷேகம் போன்றவை. செட்டிநாட்டு வீடுகளில் இவை நிறைய இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் கண்ணில் படும்.

ஒருமுறை அப்பா தூசி தட்டுவதற்காக ஒரு படத்தை இறக்கிச் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றியிருக்கிறார். முன்னால் கிருஷ்ணன். பின்னால் பார்த்தால் வெறும் திட்டுகள்: பச்சையில் ஒரு பெரிய பரப்பு, அதை ஒட்டிச் சிவப்பு, எங்கோ ஒரு வெள்ளைக் கறை. முகமும் இல்லை, கண்ணும் இல்லை. "நான் முதன்முதலில் பார்த்த அரூப ஓவியம் அதுதான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். கொஞ்சம் தயாரித்து வைத்த பதில் போலத் தோன்றினாலும், பிறகு செய்த வேலைகளைப் பார்க்கும்போது அது பொய்யில்லை என்றே படுகிறது.

கண்ணாடி ஓவியத்தின் வேலைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சீன வணிகத்தோடு இந்தியாவுக்குள் வந்து, தென்னகத்தில் தஞ்சாவூர் பாணியோடு கலந்த முறை இது. கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள், முன்பக்கமிருந்து பார்ப்பார்கள். அதனால் சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கருவிழி, நகைப் புள்ளி, உடைக்கரை எல்லாம் இதில் முதலில் விழ வேண்டும். பிறகு முகத்தின் நிறம், அப்புறம் உடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. வலம் இடமாகிவிடும் என்பதால் சாமியின் வலக்கையை இடக்கையாகப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியம், மேலே இன்னொரு பூச்சுப் பூசித் தவறை மறைக்கும் வசதி இதில் கிடையாது. மேலே பூசுவது பார்ப்பவருக்குப் பின்னால் போய்விடும்.

கும்பகோணமும் கட்டங்களும்

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தார். உருவம் வரைவதில் நல்ல கை. நவீன ஓவியத்தில் சென்னைக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் அவருக்குத் தெரியவந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்குச் சூத்திரமும் எழுத்தும் ஓவியமாக வந்தன. 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர்கள், மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி போன்ற கைவேலைகளை விற்று அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். கைத்தொழில் அவர்களுக்குச் சோறும் போட்டது, ஓவியத்துக்குள்ளும் நுழைந்தது. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் ஓவியர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கே.எம். ஆதிமூலத்தின் பாதையும் அவரைப் பாதித்தது. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் கறுப்புக் கோடுகளில் காந்தியை வரைந்த கை, பின்னாளில் கோட்டையே விட்டுவிட்டு வெறும் நிறப்பரப்புகளுக்குப் போனது. உருவத்தில் தேர்ந்தவர்தான் உருவத்தைத் துணிந்து கைவிட முடியும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்களாம். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை, ஆனாலும் அந்த வயதில் இப்படி ஒரு தைரியம் தேவைப்படும். அரூப ஓவியர் வி.எஸ். கைதோண்டேயின் படங்களை அச்சில் மட்டும் பார்த்திருந்தார். தூரிகையை ஒதுக்கிவிட்டு உருளையாலும் கத்தியாலும் நிறத்தை ஏற்றியும் வழித்தும், கிழித்த காகிதத்தை ஒற்றி எடுத்தும் அவர் வேலை செய்தார் என்று படித்தபோது, ஓவியம் என்பதைக் கைப்பழக்கத்திலிருந்து பிரிக்கலாம் என்று தோன்றியதாகச் சொல்கிறார்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் கண்டாங்கி. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு. அக்ரிலிக்கில் பெரிய கட்டங்கள். காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகள் ஹோட்டல்களாக மாறிவந்த காலம், சுவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. ஒரு ஹோட்டலில் திரைச்சீலையின் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து இதே நிறத்தில் வேண்டும் என்றார்களாம். வரைந்து கொடுத்தார். அந்தப் படங்களில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. நெசவில் கட்டம் விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாவும் ஊடும் செங்குத்தாகத்தான் சந்திக்கும், வேறு வழியில்லை. கான்வாஸில் அந்தக் கட்டாயம் கிடையாது. கட்டாயம் போனதும் கட்டம் வெறும் அலங்காரமாகிவிட்டது.

பட்டறையில்

ஆத்தங்குடிக்கு அவர் போனது ஓவியத்துக்காக அல்ல. அதே ஹோட்டலில் உடைந்த தரைக்கல்லுக்கு மாற்று வாங்கி வரச் சொன்னார்கள். போன இடத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாது. மெருகு பூசுவதும் கிடையாது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் கல்லின் அளவுக்கு இரும்புச் சட்டம். சட்டத்துக்குள், பூவின் கோடுகளெல்லாம் மெல்லிய தகடாக வளைந்து நிற்கும் அச்சு. சிமெண்டு, நைசான மணல், ஆக்ஸைடு நிறம் மூன்றையும் தண்ணீரில் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். உடனே மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவிவிட வேண்டும், அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை ஓடவிடாமல் பிடிக்கும். அதற்கும் மேலே ஈரக் கலவையைச் சட்டத்தின் விளிம்புவரை நிரப்பி, கரணையால் அழுத்தி மட்டம் பண்ணுகிறார்கள். காய்ந்த பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறல். கண்ணாடி விலகும்போது அதைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடியின் வழவழப்பையே வாங்கிக்கொண்டு வெளியே வரும்.

ஆக, கல்லின் முகம்தான் முதலில் ஊற்றப்படுகிறது. ஊற்றுபவர் அதைப் பார்ப்பதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முதுகு. பூட்டிய வீட்டில் கழற்றிய படத்தின் பின்பக்கமும் இந்தப் பட்டறையும் ஒரே வரிசையில் வேலை செய்கின்றன என்று ஓவியருக்குப் பிடிபட்டது இங்கேதான். பத்தங்குலக் கல் ஒன்றை அச்சே இல்லாமல் ஊற்ற முடியுமா என்று பட்டறையில் மூத்தவரிடம் கேட்டார்.

"அச்ச எடுத்துட்டா அது கல்லு இல்ல தாயி. சிந்துனது."

"சிந்துனதா இருந்தாலும் பரவாயில்லண்ணே. கூலி நான் தர்றேன்."

"கூலிக்குச் சொல்லல. கண்ணாடி வீணாப் போகுமேன்னு பாக்குறேன்."

அச்சில்லாமல் ஊற்றிய முதல் கற்களில் எல்லாம் ஒன்றாகக் கலங்கிச் சேற்று நிறம் வந்தது. அச்சின் தகடு செய்துகொண்டிருந்த வேலை அப்போதுதான் புரிந்தது. ஒரு நிறம் கொஞ்சம் இறுகும்வரை அடுத்ததை அது தடுத்து நிறுத்துகிறது. ஆகவே தகடு செய்த வேலையை நேரத்தைக் கொண்டு செய்து பார்த்தார். ஒரு நிறத்தை ஊற்றி, அது சற்று இறுகக் காத்திருந்து, அப்புறம் அடுத்தது. அதிகம் காத்தால் இரண்டும் ஒட்டாமல், காய்ந்தபின் நடுவே மயிரிழை வெடிப்பு. குறைவாகக் காத்தால் மறுபடி சேறு. இடையிலுள்ள அந்த நேரம் வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் மாறும்.

நிறத்தைக் கூட்டினால் அடர்த்தி கிடைக்கும் என்று ஆக்ஸைடை அள்ளிப் போட்ட காலமும் உண்டு. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறம் போனால் கல் வலுவிழக்கும் என்பது கட்டடவேலையில் பொதுவாகத் தெரிந்த கணக்கு. ஆக்ஸைடு மிக நைசான பொடி, தண்ணீரை நிறையக் கேட்கும், தண்ணீர் கூடினால் காயும்போது சுருக்கமும் கூடும். கறுப்புக் கற்களில் இன்னொரு தொல்லை: உப்புப் பூத்தது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றுப் பட்டு வெள்ளைப் படலமாக நிற்பதுதான் அது. பட்டறையில் அந்தக் கல்லைக் கழிவு என்று தள்ளிவிடுவார்கள். ஓவியர் அதில் சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். என் கணிப்பில் அந்த வெள்ளைப் படலம் அழகாக இருந்தது என்பதற்காக மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. அது மேகம் போல, பாசி போல என்று ஆளாளுக்கு உருவம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவரும் பின்னால் அந்தக் கற்களைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்.

திருப்பம் ஓலையில் வந்தது. கொட்டான் பின்னுவதற்காகக் கிழித்து வைத்த பனையோலை நறுக்குகளைக் கண்ணாடிமேல் கிடத்தி, அவற்றைச் சுற்றிக் காவி நிறத்தை ஊற்றினார். நிறம் சற்று இறுகியதும் ஓலையை உருவி, அது விட்டுப்போன பள்ளத்தில் கறுப்பை ஊற்றினார். கல் வெளியே வந்தபோது காவிப் பரப்பில் கறுப்புக் கோடு. ஆனால் கையால் இழுத்த கோடு மாதிரி இல்லை. ஓலையின் ஒரு விளிம்பு நேராகக் கிழிந்திருந்தது, மறுவிளிம்பில் நார் பிசிறு நின்றது. கோட்டின் ஒரு பக்கம் கத்திமுனையாகவும் மறுபக்கம் பிசிறாகவும் கல்லில் அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கல்லை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விரலால் தடவினால் எந்த இடத்திலும் ஏற்ற இறக்கம் தெரியாது. கண்ணுக்குக் கரடாகத் தெரிவது விரலுக்குக் கண்ணாடி. இவருடைய வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இந்த முரண்தான். கண்டாங்கிப் படங்களில் தொலைந்துபோன கட்டாயமும் இங்கே திரும்பி வந்துவிட்டது: கோடு இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இவருடைய கற்களைப் பார்ப்பவர்கள் நடுவீட்டுக் கோலம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கோலத்தில் மாவு விழுவது கண்முன்னே, விழும் வரிசையிலேயே தெரியும். இவருடைய கல்லில் முதலில் விழுந்த முகம் கடைசியில்தான் தெரியும்.

முர்னாவ்

இந்தக் கட்டத்தில்தான் காந்தின்ஸ்கியின் கண்ணாடி ஓவியங்களைப் பற்றி ஓவியர் தெரிந்துகொண்டார். தாக்கம் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே வந்து சேர்ந்த இடத்தில் இன்னொருவரின் காலடியைப் பார்த்ததுதான். ஆனால் அரூப ஓவியத்தின் வரலாற்றில் இது சின்னச் செய்தி இல்லை. ரஷ்யாவில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்த வசீலி காந்தின்ஸ்கியும் அவருடைய துணைவி கேப்ரியேலே மியூன்ட்டரும் 1908இல் பவேரியாவின் முர்னாவ் என்ற சிற்றூருக்கு வரைவதற்காகப் போனார்கள். அங்கே வீடுகளில் புனிதர்களின் கண்ணாடி ஓவியங்கள் மாட்டியிருந்தன. அடிப்படையில் நம் பட்டாலைக் கிருஷ்ணனின் அதே வேலைமுறைதான். இருவரும் அவற்றைச் சேகரித்தார்கள், தாங்களும் கண்ணாடியில் வரைந்தார்கள். 1912இல் காந்தின்ஸ்கி இருந்த 'நீலக் குதிரைவீரன்' என்ற ஓவியர் குழு வெளியிட்ட தொகுப்பில் அந்த நாட்டுப்புறக் கண்ணாடி ஓவியங்களின் படங்களையும் சேர்த்தார்கள். காந்தின்ஸ்கி உருவத்தைக் கரைத்துக்கொண்டு போனதும் இதே ஆண்டுகளில்தான்.

கண்ணாடி அவரை அரூபத்துக்குத் தள்ளியது என்று ஒரே காரணமாகச் சொன்னால் அது மிகை. ஆனால் கண்ணாடியின் பின்னால் வேலை செய்பவருக்கு ஒன்று தெரியவரும். அவர் தன் கண்முன்னே பார்த்துக்கொண்டிருப்பது கிருஷ்ணனையோ புனிதரையோ அல்ல. ஒன்றை மறைத்துக்கொண்டு ஒன்றாக ஏறும் நிறத் திட்டுகளை. உருவம் மறுபக்கத்தில் இருப்பவருக்கு. அந்தத் திட்டுகளோடு நாள் முழுக்கப் புழங்கும் ஒருவர், மறுபக்கத்து உருவம் இல்லாமலே இவை நிற்குமா என்று கேட்டுப் பார்ப்பது இயல்புதான். நம் பக்கத்துக் கண்ணாடி ஓவியர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார்களா என்று யாராவது தோண்டிப் பார்க்கலாம். படங்களின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்து எழுதி என்ன பயன்?

சுண்ணாம்பும் நீலமும்

சிமெண்டுக் கல்லுக்கு எடை ஒரு தடை. மூன்றடிக்கு இரண்டடி, இரண்டு சென்டிமீட்டர் கனம் என்றாலே ஏறத்தாழ 24 கிலோ வரும். சுவரில் ஆணி அடித்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. இன்னொரு தடை வெளிச்சம். சிமெண்டின் நிறங்களில் ஒரு மந்தம் உண்டு, கண்ணாடி வழவழப்பு எவ்வளவு இருந்தாலும் உள்ளிருந்து வெளிச்சம் வராது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் அது உண்டு. கடுக்காய் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, கல்லால் தேய்த்த மெருகு என்று பல படலமாக ஏறிய சுவர் அது. ஆகவே சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பைக் கண்ணாடிமேல் ஊற்றினால் என்ன என்று இறங்கினார்.

முதல் அடி நீலத்தில் விழுந்தது. கடையில் வாங்கிய பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பட்டுப் பழுப்பாகிவிட்டது. கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாராம். கடைக்காரர் மேல் தப்பில்லை. பிரஷ்யன் நீலம் காரத்தில் சிதைந்து இரும்புத் துருவின் நிறத்துக்குப் போய்விடும், சுண்ணாம்போ கடுமையான காரம். சுவரோவியம் வரைபவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: காவி, மஞ்சள் மண், இரும்பு ஆக்ஸைடுகள் நிற்கும், செடிச் சாயங்கள் பலவும் நிற்காது. நீலத்துக்கு அல்ட்ராமரின் தாங்கும். அந்தக் காலத்தில் வேட்டிக்குப் போட்ட நீலக்கட்டி அதுதான். இப்போது வரும் சொட்டு நீலம் வேறு, அது சாயம். ஆக, இவருடைய சுண்ணாம்புப் பலகைகளில் தெரியும் நீலம், சலவை நீலத்தின் நீலம். பார்த்தவுடன் எங்கேயோ கண்ட நிறமாக இருக்கிறதே என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த சிக்கல் இன்னும் அடிப்படையானது. சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும், காற்று தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் முகத்துக்குக் காற்று ஏது? பின்பக்கமிருந்து கனம் முழுவதையும் கடந்து வர வேண்டும். அவசரப்பட்டுக் கண்ணாடியை எடுத்த பலகைகளில் முகம் மாவாக உதிர்ந்தது, பாதி கண்ணாடியோடு போனது. பழைய கொத்தனார்களின் வழியில் இடித்த செங்கல் பொடியைக் கலந்தார். அது சேர்ந்தால் சுண்ணாம்பு ஈரத்திலேயே ஓரளவு இறுகிவிடும். ஆனால் பொடியின் சிவப்பு எல்லா நிறத்திலும் ஏறியது, வெள்ளை என்பதே இல்லாமல் போனது. இப்போது முகத்துக்கு மெல்லிய ஒரு படலம் தூய சுண்ணாம்பு, அதற்குப் பின்னால் செங்கல் பொடி கலந்தது என்று இரண்டாகப் பிரித்து ஊற்றுகிறார். எடையும் குறைந்திருக்கிறது.

யாருடைய கை

ஒரு விஷயத்தில் ஓவியரோடு எனக்கு வழக்கு உண்டு. ஓலையைக் கிடத்துவதும் நிறத்தை முடிவு செய்வதும் அவர். ஊற்றுவது பட்டறைக்காரர். எப்போது ஊற்ற வேண்டும், எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விரல் நுனியால் தொட்டுச் சொல்வதும் பட்டறைக்காரர்தான். தகட்டுக்குப் பதில் நேரம் என்று மேலே எழுதினேனே, அந்த நேரம் முழுக்க அவருடைய விரலில் இருக்கிறது. காட்சிக்கு வைத்தபோது ஓவியர், படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பான சுவரட்டையில் "ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றின் உதவியோடு" என்று போட்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. நாள்கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார், உடைந்த கண்ணாடிக்கும் காசு கொடுக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் சுவரட்டையில் பட்டறைக்காரரின் பெயரைப் போட்டு அவருடைய பங்கு என்னவென்றும் எழுத வேண்டும். கேட்டதற்கு, அவர்தான் வேண்டாம் என்கிறார், கெட்டுப்போன கல்லில் தன் பெயர் வந்தால் ஊரில் தொழில் என்னாகும் என்கிறார் என்று பதில் வந்தது. பட்டறைக்காரரிடமே கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தரையில போட முடியாதே" என்றார்.

தரையிலும் போட்டுவிட்டார்கள். வாங்கியவர் ஒருவர் நான்கு சிமெண்டுக் கற்களைச் சுவரில் பதிக்காமல் தன் வீட்டு முகப்பில் பதித்துக்கொண்டார். ஓவியருக்கு அதில் வருத்தமில்லை. தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள் என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

சுண்ணாம்புப் பலகைக்கு இப்போதைய தடை வேறு. சிமெண்டுக் கல்லின் கண்ணாடி சில நாளில் விடுபட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடும். சுண்ணாம்புக்கு அது வாரக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது, பட்டறைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பலகை ஒன்றுக்கு இவ்வளவு என்று கண்ணாடிக்கு வாடகை பேசி முடித்திருக்கிறார்கள்.